ராணிக்குப் பின்னால் நின்ற பதினான்கு பேர்

நேற்று நம் பள்ளிக்கூடத்து ஹால் சுவரைத் தொட்டேன். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்ணாம்போ என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

இந்த ஊரில் இது அதிசயமில்லை. மழை முடிந்து வெயில் ஏறும்போது எல்லார் வீட்டுச் சுவரும் கொஞ்சம் உப்புப் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் ஹால் சுவரில் உப்புப் பூத்திருந்த இடம் நீ நின்ற இடம். செஞ்சி ராஜாவின் சிதைக்கு முன்னால் கைகூப்பி நின்ற ராணியின் நெற்றியிலிருந்து பாதம் வரை வண்ணம் பொரிந்து உதிர்ந்துவிட்டது. இப்போதைய தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தது அதற்காகத்தான். "வெள்ளையடிக்கப் போறோம் டீச்சர். நீங்க இருந்தப்ப வரைஞ்ச படமாமே. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

போனேன். ராஜா அப்படியே படுத்திருக்கிறார். குதிரையும் மலைக்கோட்டையும் மங்கலாகவாவது இருக்கின்றன. சுற்றி நின்ற பதினான்கு பேரும் இருக்கிறார்கள். நடுவில் நீ இல்லை. பதினான்கு பேரும் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் 'நீங்கள்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள் நீ. ஆனாலும் கடைசிவரை நீ என்னை வாங்க போங்க என்றாய், நான் உன்னை நீ என்றேன். நான் டீச்சர், நீ உப்பளத்தில் கூடை சுமப்பவள். அதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டு வரி எழுதியதும் யாரோ ஒரு அதிகாரிக்கு எழுதுவதுபோல இருந்தது. அடித்துவிட்டேன். பழையபடியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதும், அவள் புகுந்த வீட்டில் தீயில் செத்தாள் என்பதும் அந்தப் படத்துக்கு உன்னை நிற்கவைத்தபோது எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் உன்னை நிற்க விட்டிருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் நான் தெரியாமல் செய்ததற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ வாய்விட்டு ஒன்று கேட்டபோது முடியாது என்று சொன்னேனே, அதற்காக எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை இருக்காது. பாத்திகளெல்லாம் மழைத் தண்ணீரில் முழுகிக் கிடக்கும். அந்த மாதங்களில் நீ நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குக் காய் நறுக்க வருவாய். உன் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஹாலில் ஒரு சரித்திரப் படம் வரையவேண்டும் என்று முடிவானது. எந்தக் காட்சி என்று என்னைத்தான் கேட்டார்கள், நான்தானே சரித்திர டீச்சர். நம் பக்கத்துக் கதையாக இருக்கட்டும் என்று செஞ்சி ராஜாவைச் சொன்னேன். நவாப்புக்குக் கப்பம் கட்ட மறுத்து, இருந்த கொஞ்சப் படையோடு எதிரே போய், ஒரே நாளில் மடிந்த இளம் ராஜா. அவனோடு சிதையேறிய அவன் மனைவி. வருடா வருடம் அந்தப் பாடத்தை நடத்தும்போது என் குரல் தானாக உயரும். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

டிராயிங் மாஸ்டருக்கு ராணி முகம் வரவில்லை. "காலண்டர் முகமாவே வருது டீச்சர், உசுரு இல்ல" என்று மூன்று தடவை அழித்தார். ஒருநாள் மதியம் நீ முட்டைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலைக் கடந்து போனாய். அவர் பிரஷ்ஷை நிறுத்தினார்.

"ஏம்மா, ரெண்டு மணி நேரம் அசையாம நிப்பியா?"

"எதுக்கு சார்?"

"ராணியா நிக்கணும்."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னா டீச்சர் இவுரு, போன மாசம் வரைக்கும் சேறு மிதிச்சவள ராணின்றாரு. காலப் பாத்தாரா?"

"காலு எனக்கு வேணாம்மா, புடவைய வச்சி மூடிடுவேன். அசையாம நிக்கிற ஆளு வேணும். நம்ம ஸ்டாஃப்ல ரெண்டு நிமிசம் சும்மா நிக்க ஒருத்தரும் இல்ல."

"நின்னா எக்ஸ்ட்ரா ஒரு முட்ட உண்டா சார்?"

முட்டை உண்டு என்று முடிவானது. நாடகப் பெட்டியிலிருந்து சிவப்புப் புடவை எடுத்தோம். அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடத்தை நான்தான் உன் தலையில் வைத்தேன். "சும்மாடு இல்லாம தலையில எது வச்சாலும் கழுத்து ஆடுது டீச்சர்" என்றாய். அதற்கு மாஸ்டர் சிரித்த சிரிப்பில் மஞ்சள் வண்ணம் தரையில் கொட்டியது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது, நேற்றுப் பார்த்தேன்.

நிற்கும்போது கதையைக் கேட்டாய். சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோலவே குரலை உயர்த்திச் சொன்னேன். கடைசியில் நீ கேட்டது ஒன்றுதான்.

"அவளா போனாளா டீச்சர், போவ வச்சாங்களா?"

"அவளாகத்தான் போனாள். அது அந்தக் காலத்து வீரம்."

"இன்னா வயசு அவளுக்கு?"

"சரியா யாரும் எழுதி வைக்கல. சின்ன வயசுதான்."

"ஆத்தா, அக்கா யாரும் இல்லியா கூட?"

"அதெல்லாம் பதிவு இல்லை."

உன் முகம் அப்போது எப்படியோ ஆனது. மாஸ்டர், "அப்பிடியே இரும்மா, அப்பிடியே இரு" என்று அவசரமாக வரைந்தார். அந்த முகம்தான் சுவரில் ஏறியது. விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைத்தான் புகழ்ந்தார்கள். தெய்வக்களை என்றார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நீ கிரீடத்தைக் கழற்றிவிட்டுச் சுவரிடம் போனாய். ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினாய். மந்திரி, படைவீரர்கள், மேளக்காரர், தோழிப் பெண்கள், குதிரையைப் பிடித்திருப்பவன். பதினான்கு.

"சார், இத்தினி பேரு நிக்கிறாங்க. ஒரு கையிகூட அவ மேல இல்லியே."

"என்னம்மா சொல்ற?"

"பின்னால நிக்கிறாளே இந்தப் பொண்ணு, இவ கைய நீட்டி அவ முந்தானைய இழுத்துப் புடிச்ச மாதிரி போடுங்க சார். கூப்புடுற மாதிரி."

மாஸ்டர் இரண்டடி பின்னால் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும் டீச்சர். படத்துக்கு ஒரு இழுப்பு வரும்" என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். சரித்திரம் என் பொறுப்பு அல்லவா.

நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். பொறுமையாக விளக்குவது என் தொழில். அப்படி யாரும் தடுத்ததாகப் பதிவு இல்லை, இல்லாததைப் போட்டால் பிள்ளைகள் தப்பாகப் படித்துக்கொள்வார்கள் என்றேன். என் பழக்கப்படி உதாரணமும் சொன்னேன். "கணக்குல நமக்குப் புடிச்ச விடைய எழுத முடியுமா, சொல்லு? ஏழும் அஞ்சும் பன்னெண்டுதான். பதினஞ்சு வந்தா நல்லா இருக்கும்னு பதினஞ்சுன்னு எழுதலாமா?"

"கணக்குல ஆளு சாவறதில்லியே டீச்சர்" என்றாய்.

நான் சிரித்துவிட்டேன். நல்ல பதில் என்று பாராட்டக்கூடச் செய்தேன். கை வரையப்படவில்லை. நீ முட்டையை வாங்கிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாய்.

அந்தப் படத்தில் எதற்குத்தான் பதிவு இருந்தது? குதிரை தலைகுனிந்து நின்றதை யார் பார்த்து எழுதினார்கள்? வானம் அப்படிச் சிவந்ததற்கு எந்த ஏட்டில் சான்று? தோழிகள் பச்சைப் புடவை கட்டியது, மந்திரிக்கு நரைத்த மீசை, எல்லாம் மாஸ்டரின் கற்பனை. ராணிக்கு வைத்த முகமே மரக்காணத்து உப்பளத்து முகம். இத்தனையையும் சரி என்று விட்டேன். ஒரே ஒரு கையை மட்டும் சரித்திரத்தில் இல்லை என்று நிறுத்தினேன். இது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளை யோசிக்கச் சொன்னவள் நான்.

அடுத்த பங்குனியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உப்பளம் காட்டக் கூட்டிவந்தேன். நினைவிருக்கிறதா? வெயில் பாத்தியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. நீங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தீர்கள். ஒரு முழ அகல வரப்பு, ஈரக் களிமண். உனக்கு முன்னால் போனவளுக்குக் கால் வழுக்கியது. நான் அய்யோ என்பதற்குள் நீ உன் கூடையை அப்படியே பாத்தியில் தள்ளிவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாய். வாரிய உப்பு முழுக்கத் தண்ணீரில் போனது. கரையில் நின்ற மேஸ்திரி கத்தினார்.

"ஏ, கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? ஒரு கூட உப்பு போச்சி பாரு!"

"உப்பு நாளைக்கி வெளையும். இவள நீ வெளைய வைப்பியா?" என்று நீ திருப்பிக் கத்தினாய். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்துவிட்டார்.

பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்துவிட்டு உன்னிடம் வந்தேன். அது உங்களுக்குள் உள்ள வழக்கம் என்றாய். "முன்னால போறவளுக்கு அவ காலு தெரியாது டீச்சர், தலையில பாரம் இருக்குதில்ல. பின்னால வர்றவதான் அவ காலப் பாத்துக்கினே வரணும். வழுக்குனா நம்ம கூடையப் போட்டுட்டு அவளப் புடிக்கணும். புடிக்கலன்னா மறுநாளு அவகூட யாரும் பேச மாட்டாங்க."

பிறகு, நான் கேட்காமலேயே, தங்கையைப் பற்றிச் சொன்னாய். கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிக்கொண்டே சொன்னாய். கல்யாணமான ஒரு வருடத்தில் இரண்டு தடவை புருஷன் வீட்டிலிருந்து நடந்தே வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது முதுகைக் காட்டினாள்.

"நான்தான் டீச்சர் பஸ் ஏத்தி உட்டேன். போய் அனுசரிச்சிப் போடி, எல்லா வூட்லயும் இருக்கிறதுதான்னு சொல்லி, பூ வாங்கித் தலையில வச்சி ஏத்தி உட்டேன். சன்னலாண்ட உக்காந்துக்கினு அழுவாம பாத்துக்கினே போச்சி. எட்டாம் நாளு சேதி வந்துச்சி."

ஸ்டவ் வெடித்தது என்று எழுதிவிட்டார்கள் என்றாய். "அந்த வூட்ல ஸ்டவ்வே இல்ல டீச்சர். வெறகு அடுப்புதான். எனக்குத் தெரியாதா, பால் பொங்க வச்சதே நான்." வாசலில் ஊரே நின்றதாம். உள்ளே போனவர் யாரும் இல்லையாம். "அவளுக்குப் பின்னால வந்தவ நான். நான் கூடையப் போடல."

உடனே, அந்தப் படத்தில் கையை வரையச் சொல்கிறேன், மாஸ்டரிடம் இன்றைக்கே பேசுகிறேன் என்றேன். நீ என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

"வேணாம் டீச்சர். இப்பப் போட்டா அது எனக்காவப் போடுற கையி. நான் கேட்டது அவளுக்கு."

அதன்பிறகு அந்தப் படத்துக்கு முன்னால் நின்று பாடம் நடத்தும்போது என் குரல் உயரவில்லை. வீரம் என்ற சொல்லை விட்டுவிட்டேன். "ராணி இறந்தாள்" என்று மட்டும் சொல்வேன். அவ்வளவுதான் என்னால் திருத்த முடிந்தது. நீ மழைக்காலத்தில் காய் நறுக்க வரும்போது ஹாலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போவாய். நான் கவனித்தேன்.

போன வருடம் உனக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தடவை பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்தேன். பாயில் சாய்ந்திருந்தாய். கால் வீங்கியிருந்தது. "உப்பு சேக்கக் கூடாதாம் டீச்சர். எங்கிட்டப் போய் சொல்றாரு அந்த டாக்டரு" என்று சிரித்தாய். மூச்சு வாங்கியது. அப்போது உள்ளேயிருந்து உன் மகள் டீ கொண்டுவந்தாள். இரண்டு குழந்தைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தன. நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னாய்.

"வந்துட்டா டீச்சர். ஆறு மாசம் ஆவுது. அவன் அடிக்கிறான். நான் போன்னு சொல்லல. காரணம்கூட கேக்கல. உள்ள போய்ப் படும்மான்னு சொன்னேன்."

"நல்லது செஞ்ச" என்றேன்.

"இவளுக்குச் செஞ்சேன்" என்றாய். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு மாதத்தில் போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். மகளின் புருஷன் வீட்டிலிருந்து நான்கு பேர் காரில் வந்திருந்தார்கள். படையல் முடிந்து இலை போடும் நேரம். அவன் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, அம்மாவும் போயிட்டாங்க. இனிமே இங்க யாரு இருக்காங்க உனக்கு? சாப்புட்டுத் துணிய எடுத்து வச்சிக்க. வண்டி நிக்கிது."

உன் மகள் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் மாமன் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா செல்போனைப் பார்த்தார். அவள் கண் என்மேல் வந்து நின்றது. மேடையில் பேசிய எனக்கு, ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய எனக்கு, வாய் திறக்க வரவில்லை. பிறகு எப்படியோ வந்தது.

"அவ போவ வேண்டாங்க."

பெரியவர் திரும்பினார். கோபமில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க யாரு டீச்சர் இதுல? படிக்க வச்சீங்க, ஒத்துக்கிறேன். இது குடும்ப விசயம்."

அவர் கேட்டது நியாயம். நான் உனக்கு என்ன உறவு?

"நான் யாரும் இல்லைங்க. அவ போவ வேண்டாம்."

வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அதையே மூன்றாம் தடவையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்போது வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்களில் ஒருத்தி எழுந்து, "பெருசு, காரியத்துக்கு வந்தீங்க. பாயசம் இருக்குது, சாப்புட்டு நல்லபடியா கெளம்புங்க. காருல எடம் பத்தாது, உங்களுக்கே இடிக்கும்" என்றாள். யாரோ சிரித்தார்கள். மற்றப் பெண்களும் எழுந்து உள்ளே வந்து பரிமாற ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். பெரியவர் சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், போய்விட்டார். உன் மகள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அனுமந்தைப் பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, "யாரும்மா தவறிட்டாங்க, சொந்தமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இவ்வளவுதானா என்றுதான் அழுதேன். மூன்று சொல். ஒரு சாதாரண ஆள், உறவுகூட இல்லாத ஆள், நடுங்கிக்கொண்டே சொன்ன மூன்று சொல். உன் தங்கை வீட்டு வாசலில் நின்ற ஊரில் ஒருவருக்கு அது வாயில் வந்திருந்தால். பஸ் நிறுத்தத்தில் உனக்கு வந்திருந்தால். இதை நீ அறியாதவளா? இருபது வருடத்துக்கு முன்னால், கிரீடத்தைக் கழற்றிவிட்டு, ஒரு சுவருக்கு முன்னால் நின்று நீ என்னிடம் கேட்டதே இதைத்தானே. செத்தவளை மீட்க முடியாது என்று உனக்குத் தெரியும். சுவரிலாவது ஒருத்தி அவளைக் கூப்பிடட்டும் என்று கேட்டாய். நான் ஏழும் ஐந்தும் சொன்னேன்.

உன் மகளுக்காகப் பேசினேன் என்று அந்தக் கணக்கை நேராக்கிக்கொள்ள மாட்டேன். இது இவளுக்கு. நீ கேட்டது அவளுக்கு. அது அப்படியேதான் நிற்கிறது. எனக்குப் பிறகும் நிற்கும்.

நாளைக்கு ஹாலில் வெள்ளையடிக்கிறார்கள். தலைமையாசிரியை நல்ல பெண். "படத்தப் பத்தி ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க டீச்சர், ரெக்கார்டுல வச்சிக்கிறோம். ராஜா கதை, வரைஞ்சவரு, எல்லாம்" என்றார். காலையில் உட்கார்ந்து எழுதினேன். காட்சி, வரைந்தவர், நிற்கவைக்கப்பட்டவர். நிற்கவைக்கப்பட்டவர் என்ற இடத்தில் உன் பெயரை முழுசாக, தந்தை பெயர் முதலெழுத்தோடு எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன். ராஜா கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாளைக்கு யாராவது கேட்கலாம். கேட்கட்டும்.

அன்றைக்கு வரப்பில் ஒரே ஒரு தடவை உன் தங்கையின் பெயரையும் வயதையும் சொன்னாய். நான் மறக்கவில்லை. ராணியின் வயதை யாரும் எழுதி வைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னவள், இதையாவது எழுதி வைக்கிறேன்.

அஞ்சலை. வயது பத்தொன்பது. அவளாகப் போகவில்லை.